அக்காவின் பங்குக் கூழ்

பள்ளிக்கூடங்களின் பரிசளிப்பு விழாக்களுக்கு இப்போது அக்காவைப் பேசக் கூப்பிடுகிறார்கள். மாலை போடுகிறார்கள், பொன்னாடை போர்த்துகிறார்கள், மேசையில் ஒரு போத்தல் தண்ணீரும் வைக்கிறார்கள். அக்கா ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிவிட்டு, விடாமுயற்சியும் திட்டமிடலும் இருந்தால் நினைத்ததை அடையலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். பிள்ளைகள் கைதட்டுவார்கள். பின்வரிசைக் கதிரையில் இருக்கும் எனக்கு அந்த இரண்டு சொற்களையும் கேட்டதும் கை தானாக வயிற்றுக்குப் போகும். அவளுடைய திட்டத்தில் ஒரு பெரிய பகுதி என் வயிற்றுக்குள்தான் நடந்தது. அதை மட்டும் அவள் எந்த மேடையிலும் சொல்வதில்லை. சொன்னால் மாமியின் காதுக்கு எட்டிவிடும் என்ற பயம் அவளுக்கு இன்னும் இருக்கிறது.

எங்கள் வீடு நீர்வேலியில், அப்பாவின் வாழைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. நான் அப்போது மூன்றாம் ஆண்டு படித்தேன். அக்கா பதினோராம் ஆண்டு. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அக்கா பள்ளிக்கூடத்தின் பளுதூக்கும் அணியில் இருந்தாள். அணி என்று சொன்னால் பெரிதாக நினைக்கவேண்டாம். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில், ஓர் இரும்புத் தண்டு, அதன் இரு பக்கமும் மாட்டச் சில தட்டுகள், விளையாட்டு ரீச்சர், ரீச்சரின் சொல்லைக் கேட்கக்கூடிய நாலைந்து பெண்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். அன்றைக்குப் பயிற்சி இல்லை என்று எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அக்கா மட்டும் ஒழுகாத மூலையைத் தேடித் தண்டை உருட்டிக்கொண்டு போவாள்.

கொழும்பில் நடக்கும் அகில இலங்கைப் போட்டியில் ஒரு தடவையாவது மேடை ஏறவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு மாகாணப் போட்டியில் முதல் இரண்டு இடங்களுக்குள் வரவேண்டும். பளுதூக்குகிற ஆட்களை அவரவர் உடம்பு நிறைப்படி பிரித்துத்தான் போட்டிக்கு விடுவார்கள். அக்காவின் பிரிவு நாற்பத்தைந்து கிலோ. போட்டியன்று காலையில் நிறுத்துப் பார்க்கும்போது முள் அதைத் தாண்டினால் அடுத்த பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். முந்திய வருஷம் அப்படித்தான் நடந்தது. ஒரு சிறங்கை அரிசியளவுதான் கூட. பெரிய பிரிவில், தன்னிலும் பெருத்த பிள்ளைகளுக்கு நடுவில் நின்று தூக்கி, ஒன்றுமில்லாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

குற்றவாளி யார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆடிப்பிறப்பு. எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் பிறக்கும் நாளில் எல்லா வீட்டிலும் கூழ் காய்ச்சிக் கொழுக்கட்டை அவிப்பார்கள். வறுத்த பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் சிறு துண்டுகளாய்க் கீறிய தேங்காய்ச் சொட்டும் போட்ட இனிப்புக் கூழ். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, அதில் ஊற்றிக் குடிக்கவேண்டும். ஒரு வீட்டில் குடித்துவிட்டு இன்னொரு வீட்டில் குடிக்காமல் வந்தால் அது அடுத்த ஆடிவரை கதையாக இருக்கும். மாகாணப் போட்டி வருஷாவருஷம் அந்த நாளை ஒட்டியே வந்து விழும். போட்டி நாளைக் குறிக்கிறவருக்குக் கூழைப்பற்றி யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

தோற்று வந்த அன்றே அப்பா முடிவைச் சொல்லிவிட்டார். அப்பா அதிகம் கதைக்கமாட்டார். கதைத்தால் அதோடு சரி.

“வாற வருஷம் ஒருக்காத்தான். கொழும்புக்கு எடுபட்டாப் போ. எடுபடாட்டி உதோடை விட்டிட்டுச் சோதினைக்குப் படி.”

அந்த முடிவை அப்பாவின் வாய் சொன்னாலும் அதைச் செய்து கொடுத்தவர் மாமி. மாமி அப்பாவின் தமக்கை, பக்கத்து வளவில் இருந்தார். அப்பாவைத் தூக்கி வளர்த்தவர் என்பதால் எங்கள் வீட்டில் மாமியின் சொல்லுக்கு மேலே சொல் கிடையாது. பெண் பிள்ளைகள் பாரம் தூக்கினால் பிற்காலத்தில் வயிற்றில் பிள்ளை தங்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். யார் சொன்னது என்று கேட்டால், எல்லோருக்கும் தெரிந்ததை யார் சொல்லவேண்டும் என்பார். மற்றபடி எங்கள் மேல் உயிரையே வைத்திருந்தார். அந்த அன்பை அவர் சாப்பாடாக மட்டுமே காட்டத் தெரிந்தவர் என்பதில்தான் அக்காவுக்குச் சிக்கல்.

அக்கா அடுத்த நாளே திட்டம் போடத் தொடங்கினாள். சோற்றையும் இனிப்பையும் அளவாகச் சாப்பிடு, முட்டை, பயறு நன்றாகச் சாப்பிடு என்று ரீச்சர் சொல்லியிருந்தார். சொல்வது ரீச்சருக்குச் சுலபம். எங்கள் ஊரில் வளர்ந்த பெண் ஒருத்தி, சோறு காணும், போதும் என்று கையை மறித்தால் அவளுக்கு ஏதோ வருத்தம், நோய் என்பார்கள். வருத்தம் இல்லையென்றால் வீட்டில் கோபம் என்பார்கள். கோபமும் இல்லையென்று கண்டால் யாரந்தப் பெடியன் என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். கேள்வி எதுவும் வராமல் ஒருத்தி சாப்பாட்டை மறுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அக்கா அதைக் கண்டுபிடித்தாள். அவள் விரதம் பிடிக்கத் தொடங்கினாள்.

முதலில் வெள்ளிக்கிழமை. பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பிறகு பிரதோஷம், சதுர்த்தி, கார்த்திகை என்று நாட்காட்டியில் உள்ள விரதமெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்தன. அக்கா விடிய முழுகி, திருநீறு பூசி, கோயிலைச் சுற்றிவிட்டு வருவாள். சோறு சாப்பிடச் சொல்லி ஒருவரும் வற்புறுத்தவில்லை. மாமிக்கு வாயெல்லாம் பல். பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது, பாரம் தூக்குகிற பேய் விட்டுப் போகிறது என்று கோயில் வீதியில் காண்கிறவர்களுக்கெல்லாம் சொன்னார்.

விரதகாரி பள்ளிக்கூடத்துக்குப் போய் ரீச்சர் அவித்துக் கொண்டுவரும் முட்டைகளைத் தின்றாள். அதைக் கண்டது நான். கார்த்திகை விரதத்தன்று தகரக் கொட்டிலின் வாசலில் நின்றபடி முட்டையை உடைத்து வாயில் போடுகிறாள். நெற்றியில் திருநீறு அழியாமல் இருக்கிறது. எனக்கு அண்டசராசரமும் இடிந்து விழும்போல இருந்தது. அவள் என்னைக் கண்டுவிட்டுப் பயப்படவில்லை. கிட்ட வந்து குந்தியிருந்து, கொழும்பு, நாற்பத்தைந்து கிலோ, அப்பாவின் சொல், எல்லாவற்றையும் ஒரு பெரிய ஆளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னாள். வீட்டில் என்னை ஒரு காரியத்துக்குச் சேர்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. மாமியிடம் சொல்லமாட்டேன் என்று என் பள்ளிக்கூடக் கொப்பிகள் எல்லாவற்றின் மேலும் சத்தியம் செய்து கொடுத்தேன்.

அன்றிலிருந்து சந்தியடிக் கடைக்கு நானும் துணைக்குப் போனேன். அப்பாவின் வாழைக்குலைகளை நிறுத்து வாங்குகிற கடை அது. அக்கா சைக்கிளில் குலையைக் கட்டிக்கொண்டு போய் நிறுத்துக் கொடுத்தபின், கடைக்காரர் உள்ளே திரும்பும் நேரம் பார்த்துத் தானும் அந்தத் தராசில் ஏறி நிற்பாள். நான் வெளியே ஆள் வருகிறதா என்று பார்ப்பேன். ஒருநாள் அவர் திரும்பியே விட்டார். அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பிள்ளை, உன்னைக் கதலி எண்டு போடவோ, கப்பல் எண்டு போடவோ?” என்று குலையின் இனம் கேட்பதுபோலக் கேட்டார். அக்காவுக்கு வெட்கம் வந்தது. ஆனாலும் முள் நின்ற இடத்தைப் பார்க்காமல் இறங்கவில்லை.

ஆடி வந்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. நிறை சரி, தூக்கும் பாரம் சரி. போட்டி ஆடிப்பிறப்புக்கு மறுநாள் காலையில் என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்தார்கள். அக்கா அதற்கும் தயாராகத்தான் இருந்தாள். அன்றைக்கும் ஒரு விரதம் என்று சொல்லிவிடுவது அவள் எண்ணம். ஆனால் விரதம் நன்றாகப் பிடித்த ஒருத்திக்கு என்ன நடக்கும் என்பதை அவள் யோசித்துப் பார்க்கவில்லை. ஆடிப்பிறப்புக்கு முதல்நாள் மாமி வந்து, இந்த முறை படையலை எங்கள் வீட்டிலேயே வைப்போம் என்றார். இவ்வளவு பக்தியான பிள்ளை வீட்டில் இருக்கும்போது வேறு யார் படைப்பது? படைத்தவள்தான் சாமிக்கு வைத்த கூழை முதலில் வாயில் வைக்கவேண்டும். அது சாப்பாடு இல்லை, பிரசாதம். பிரசாதத்துக்கு விரதம் சொல்ல ஏலாது.

அன்று பின்னேரம் அக்கா கிணற்றுக்கட்டில் என்னை இருத்தித் திட்டத்தைத் திருத்தினாள். எனக்கு அப்போது சாப்பாட்டில் நல்ல பெயர் இருந்தது. பந்தியில் என்னருகே இருக்கிற பிள்ளைகள் தங்கள் வடையைக் கையால் மூடிக்கொள்வார்கள். அதனால் என் வேலை கடினமில்லை என்று இரண்டு பேருமே நினைத்தோம். அக்கா முதல் வாயைக் குடிப்பாள். அதன்பின் மாமி கண்ணை எடுக்கும்போதெல்லாம் அவளுடைய இலை என்னிடம் வரும், என்னுடைய வெறும் இலை அவளிடம் போகும். கொழுக்கட்டை என் சட்டைப் பைக்குள் போகும்.

மறுநாள் படையல் நன்றாக நடந்தது. அக்கா கற்பூரம் காட்டும்போது மாமி கண் கலங்கினார். குசினி வாசலில், அடுப்புக்கு எதிரே கிடந்த வாங்குப் பலகையில் அக்காவும் நானும் ஒட்டி இருந்தோம். அக்கா முதல் வாய்க் கூழை நாக்கில் வைத்து விழுங்கினாள். பிறகு மாமி சட்டியின் பக்கம் திரும்ப, இலை என்னிடம் வந்தது. தருமுன் அக்கா அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பிடித்தாள். ஏதும் பூச்சி விழுந்துகிடக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறும் இலையைத் திருப்பிக் கொடுத்தேன்.

திட்டத்தின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. வெறும் இலையைக் கண்டால் மாமி சும்மா விடுகிற ஆள் இல்லை.

“பாத்தியளே, பிள்ளைக்கு எவ்வளவு பசியெண்டு. குடி மோனை, இன்னும் கொஞ்சம் விடுறன்.”

“காணும் மாமி.”

“என்ன காணும்? விரதம் விரதமெண்டு காய்ஞ்சு கருவாடாப் போனாய். குடி.”

நான் வேகமாகக் குடிக்கக் குடிக்க அக்காவின் இலை வேகமாக வெறுமையானது. வெறுமையாக வெறுமையாக மாமி சந்தோஷத்தோடு ஊற்றினார். என் இலையும் வெறுமையாகத்தான் இருந்தது, அதிலும் ஊற்றினார். தொடக்கத்தில் எனக்கு இது சொர்க்கம். தேங்காய்ச் சொட்டைக் கடிக்கும்போது, அக்கா வருஷத்தில் எல்லா நாளும் போட்டிக்குப் போனால் நல்லது என்றுகூட நினைத்தேன். பிறகு பனங்கட்டி தொண்டையில் நின்றது. பிறகு எதுவும் நினைக்கவில்லை. சட்டைப் பை இரண்டும் கொழுக்கட்டையால் பிதுங்கின.

மத்தியானம் குடித்ததெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. படுத்தால் வீடு சுற்றியது, எழும்பினால் முற்றம் சுற்றியது. அம்மா நெற்றியில் கையை வைத்துப் பார்த்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். கூழ் என்றேன். எவ்வளவு என்று கேட்டார். கொஞ்சம் என்றேன். அக்கா கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். மாமி உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து என்னைச் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் நெடி எழும்பவில்லை. அப்படியென்றால் கண்பட்ட நாவூறு கடுமையானது என்று முடிவு செய்தார். பிறகு, தோட்டத்தால் வந்த அப்பாவிடம் சொன்னார்.

“தம்பி, சின்னவள் உப்பிடிக் கிடக்கேக்கை நாளைக்குப் பெரியவளை வெளியிலை விடாதை. சகுனம் சரியில்லை.”

“ஓம் அக்கா, பாப்பம்,” என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் மாமி வேண்டாம் என்று, அப்பா பாப்பம் என்று சொன்ன பயணம் ஒருபோதும் நடந்ததில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அவள் அழவில்லை, மாமியோடு வாதாடவும் இல்லை. சுவரோடு நின்று என்னைப் பார்த்தாள். தகரக் கொட்டிலில், தூக்கமுன் இரும்புத் தண்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்தப் பார்வை. ஒரு வருஷத்து விரதமும் முட்டையும் தராசும் என்னுடைய வயிற்றில் வந்து நிற்கின்றன என்பது எட்டு வயதில் எனக்கே விளங்கியது. இதற்கு அவளிடம் திட்டம் ஒன்றும் இல்லை என்பதும் விளங்கியது.

நான் பாயைவிட்டு எழும்பினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு குசினிக்கு நடந்துபோய், மாமிக்கு முன்னால் நின்றேன்.

“மாமி, கொழுக்கட்டை இருக்கோ? பசிக்குது.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கொழுக்கட்டை என்ற சொல்லைச் சொன்னதிலேயே எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது, அது நல்ல தண்ணீர் இல்லை. மாமி எழும்பமுன் அம்மா எழும்பிவிட்டார். கொழுக்கட்டை அவித்த நீத்துப்பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி, இருந்ததிலேயே சின்னதாக, உள்ளே பயறு இல்லாமல் வெறும் மாவாக மூலையில் கிடந்த ஒன்றை எடுத்து வந்து தந்தார். அந்த நேரத்திலும் அம்மாவின் கஞ்சத்தனத்தை நினைத்து எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

தின்றேன். மாமி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியது. சிரித்தேன். இன்னொன்று தரட்டோ என்று மாமி கேட்க, பிறகு குடுப்பம் மச்சாள் என்று அம்மா சட்டென்று சொன்னார். நான் முற்றத்தில் இறங்கி, சுகமான பிள்ளைகள் ஓடுவதுபோல ஓடிக் காட்டினேன். அப்படியே கிணற்றைத் தாண்டி வாழைக்குள் போய், சத்தமில்லாமல் அந்தக் கொழுக்கட்டையை ஒரு கதலி மரத்துக்குக் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஓடியபடியே திரும்பி வந்தேன். அப்பா சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

“ஆள் சுகந்தானே,” என்றார். பிறகு அக்காவிடம், “விடிய வெளிக்கிட்டு நில்லு.”

அடுத்த நாள் அப்பா அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். நான் பாயிலே கிடந்தேன். எனக்கு அன்று பாண் துண்டும் தேத்தண்ணியும் மட்டுந்தான். மத்தியானம் அப்பா அங்கிருந்து வீட்டுக்குப் போன் எடுத்தார். நிறை சரியாக இருந்ததாம். இரண்டாம் இடமாம். எடுபட்டுவிட்டாளாம். அம்மா போனை வைத்தார். மாமிதான் முற்றத்துக்கு ஓடி வேலிக்கு மேலால் அயல் முழுக்கச் செய்தி சொன்னார். பேரப்பிள்ளை பிறக்காது என்று பயந்த பழைய மாமி அன்றோடு காணாமல் போனார்.

“என்ரை கூழ் குடிச்ச தெம்பெல்லோ! எத்தினை இலை குடிச்சவள் தெரியுமே? நான்தானே வாத்தது.”

அதை மறுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். பாயில் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். மாமி உடனேயே திரும்பவும் கூழ் காய்ச்சினார். ஆடிப்பிறப்பு முடிந்து அடுத்த நாளும் கூழ் காய்ச்சிய ஒரே வீடு நீர்வேலியில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அவர்கள் வந்து சேரப் பொழுதுபட்டுவிட்டது. மாமி கூழ்ச் சட்டியைப் பின்னேரமே இறக்கி வைத்துவிட்டு தெரு ஒழுங்கைக்கும் வாசல் படலைக்குமாக நடந்தார். அக்கா பதக்கத்தைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, கால் முகம் கழுவி, அதே வாங்கில் வந்து இருந்தாள். மாமி இலையைக் கோலி நிறைய ஊற்றிக் கொடுத்தார். நான் பழக்கதோஷத்தில் பக்கத்தில் போய் ஒட்டி இருந்து, அவளுடைய மடிக்குக் கீழே கையை நீட்டினேன். வயிறு வேண்டாம் என்றது, ஆனாலும் வேலை வேலைதானே. அக்கா இலையைத் தரவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தானே வாயில் வைத்தாள்.

ஒரு வாய் குடித்தாள். பிறகு விழுங்காமல் அப்படியே இருந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. துடைக்கக் கை இல்லாததால் அது நாடியால் இறங்கி இலைக்குள் விழுந்தது. பிள்ளை களைச்சுப் போனாள் என்றார் அப்பா. மாமி, சந்தோஷத்தில் வருகிறது, வரட்டும் என்றார். அம்மா குசினிக்குள் போய்விட்டார். வென்று வந்த ஒருத்தி, அதுவும் வாய்க்குள் கூழை வைத்துக்கொண்டு, ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில் ஒரு காரணம்தான் தெரிந்தது.

“சுடுது போலை. ஊதிக் குடி, அக்கா,” என்றேன்.

அக்கா ஓம் என்று தலையாட்டினாள். ஆறிப்போயிருந்த கூழை ஊதி ஊதிக் குடித்தாள்.